கெப்டன் சுடர்மதியின் சிவப்புக் கோட்டு

முதலில் போனது சிவப்பு.

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இடது கண்ணில் தூசி விழுந்தது, கசக்கினேன். அந்த நேரம் பார்த்து அரசாங்கத்தின் சிவப்பு பஸ் வந்தது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் அது சிவப்பு பஸ்ஸே இல்லை. செங்கல்லைப் பாலில் ஊறப்போட்ட மாதிரி ஒரு நிறம். கையை எடுத்தேன், சிவப்பு. இடது கண்ணை மூடினேன், செங்கல். திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். "நங்கி, நகினவத நெத்த?" என்று கத்தினார் கொண்டக்டர். ஏறுகிறாயா இல்லையா என்கிறார். நான் அவருக்குக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருந்தாலும் அவர்மேல் தப்பில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு உடனே பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஒரே தலையில் இரண்டு கண்ணுக்கு இரண்டு உலகம்! அறிவியல் புனைகதை என்றால் சோறு வேண்டாம் என்று கிடக்கிற ஒருத்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிலிமத்தலாவை போய்ச் சேரும்வரை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போர்டுகளையெல்லாம் ஒவ்வொரு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே ஒரு சின்ன அச்சுக்கடையில் கம்ப்யூட்டரில் கலியாணக் கார்ட், பேனர் எல்லாம் செய்வது என் வேலை. அன்றைக்குச் செய்த கார்டின் குங்கும நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் முதலாளி எட்டிப் பார்த்து, "என்னா நிவேதா, கலியாணமா கருமாதியா?" என்றார். அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் கண்ணை உருட்டினால் பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி வலி. அதற்கும் மறுநாள், பார்க்கிற இடத்துக்கு நடுவில் சரியாக ஒரு புகைப் பொட்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் காது இரண்டும் தெரிந்தன. முகம் இல்லை.

கண்டியில் கண் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காத்திருப்பது வேறு மாதிரி. கறுப்பு மணியை விரிக்கிற மருந்தை வரிசையாக எல்லாருக்கும் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் கிட்டத்தில் இருப்பது தெரியாது. ஒரு அம்மா பிஸ்கட்டை எடுத்துத் தன் மகளுக்கென்று என் கையில் கொடுத்தார். எனக்கும் தெரியவில்லை, நானும் தின்றுவிட்டேன். அவருடைய மகள் எங்கிருந்தோ, "அம்மா, நான் இந்தப் பக்கம்!" என்றாள். பெஞ்சே சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஒரு பெண், அவசரமில்லாதவர். சிங்களத்தில்தான் பேசினார். ஒரு மருந்துப் போத்தலின் சிவப்பு மூடியை இடது கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"இந்தச் சிவப்பு நூறு ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்." மூடியை வலது கண்ணுக்குக் காட்டினார். "இது எவ்வளவு பெறும்?"

"முப்பது" என்றேன். கொஞ்சம் யோசித்து, "முப்பதே அதிகம்" என்றேன்.

பிறகு இரண்டு கண்ணுக்குள்ளும் டோர்ச் அடித்து உற்றுப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். பார்வை நரம்பு அழற்சி. கண்ணில் கோளாறில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது. கரண்ட் ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா, நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. நோயை அடிக்க உடம்பு வைத்திருக்கிற சொந்தக் காவல்படையே ஆள் மாறி அந்த உறையைத் தின்கிறது.

"சொந்தக் கப்பலையே சுடுகிற மாதிரியா?" என்று கேட்டேன்.

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கதைப் புத்தகம் வாசிக்கிற பிள்ளையா? சரி, அப்படித்தான்."

"திரும்பி வருமா?"

"பெரும்பாலானவர்களுக்கு வரும். உங்களுக்கு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. அட்மிட் பண்ணுவோம்."

எனக்குப் பிடித்த டொக்டர் அவர். ஆனால் 'எவ்வளவு' என்ற அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் நான் வரைவேன். கொப்பி ஓரமெல்லாம் ரொக்கெட், மூன்று நிலா, ஆறு கால் நாய். வேலைக்குப் போனதும் அது நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நாளெல்லாம் மவுஸ் பிடித்த கைக்குப் பென்சில் மறந்துவிட்டது, அவ்வளவுதான். போனில் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து லைக் போடுவதையே வரைதலாக நினைத்துக்கொண்டேன். மேசையில் நாம் மறந்துவிட்டு வந்த குடையை வேறொருத்தர் தூக்கும்போதுதான் 'ஐயோ, அது என்னுடையது' என்று கத்துவோமே, ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மருந்து ஸ்டீரொய்ட். வீக்கத்தை இறக்குவதற்கு. சேலைன் போத்தலில் கலந்து கை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். ஏறத் தொடங்கியதும் வாயில் பழைய ரூபாய்க் குற்றிக் காசை வைத்துச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. கூடவே ஓர் அவதி. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: அந்த மருந்து ஆளைச் சும்மா இருக்க விடாது. தூக்கம் வராது. உள்ளங்கால் நடக்கச் சொல்லும். பேச்சு நிற்காது. கட்டிலின் துருவைச் சுரண்டினேன், சேலைன் சொட்டுக்குத் தாளம் போட்டேன், ஜன்னலுக்கு வந்த குரங்கோடு சண்டை பிடித்தேன். விரலைக் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்க வந்த நர்ஸ் மிஸ், "இந்தப் பிள்ளைக்கு மருந்து ஏற்றுகிறோமா பெற்றோல் ஏற்றுகிறோமா?" என்றார்.

அந்த நிலைமையில்தான் ரிஸ்னா வந்தாள். திகனையில் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. வேற்றுக்கிரகக் கதை என்றால் என்னைவிட ஒரு படி கூடப் பைத்தியம். ஒரு பையில் வரைகிற கொப்பி, கலர் பென்சில் பெட்டி, தடித்த ஒரு நாவல்.

"வரையாம இருந்த நீ, இப்ப வரைவ" என்றாள். "கண்ணு நோவு வந்தாத்தான் வரைவன்னு தெரிஞ்சீந்தா, நான் எப்பவோ ஒரு குத்து குத்தீப்பேன்."

"ஏய் ரிஸ்னா! வாயக் கழுவு" என்றார் பக்கத்தில் நின்ற அம்மா.

"சும்மா சொன்ன ஆன்ட்டி. உம்மா இவளுக்காகத் தொழுகையில துஆ கேட்டுக்கிட்டே ஈக்கிறா."

நாவலின் கதை இதுதான்: ஒரு நிலவில் பனிக்கடியில் தண்ணீர் இருக்கிறது. அதைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு வர ஒரு கப்பல் போகிறது. கெப்டன் சுடர்மதி என்ற பெண். தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காக எப்போதும் சிவப்புக் கோட்டுப் போட்டிருப்பவள். நான் ஆசையாகத் திறந்தேன். முதல் வரியிலேயே கண்ணை நூல் இழுத்தது. ஒரு கண்ணை மூடினாலும் இரண்டும் சேர்ந்தேதான் அசைகின்றன, என்ன செய்ய? அம்மா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"டொக்டர் கண்ணுக்கு ஓய்வுன்னு சொன்னாங்களா இல்லியா? குடு. நான் வாசிக்கிறேன்."

அம்மா முன்பள்ளி ரீச்சர். நரி வந்தால் நரிக் குரல், ஆடு வந்தால் ஆட்டுக் குரல். கப்பலின் கம்ப்யூட்டருக்கு மூக்கால் ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டு.

"கொஞ்சம் உரத்து வாசியுங்கோ. எனக்கும் கேக்கட்டும்" என்றார் கணக்கு ரீச்சர். "என்ர அவர் இருக்கேக்க இப்பிடித்தான் பேப்பர் வாசிச்சுக் காட்டுவார். அவர் செத்து..."

"ஷ்! ரீச்சர், அந்தச் சொல்ல இங்க வச்சு சொல்லாதீங்க" என்று அம்மா இடைமறித்தார். "ஆளுங்க படுத்திருக்கிற எடம்."

எங்கள் வீட்டில் அது அப்படித்தான். அம்மா யாரையும் 'போறேன்' என்று சொல்ல விடமாட்டார். 'போயிட்டு வாறேன்'தான். விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டார், 'குளிர வை' என்பார். கணக்கு ரீச்சர் சிரித்துவிட்டு, "ஓம் ஓம், சொல்லேல்ல. நீங்க கப்பலை எடுங்கோ" என்றார்.

அம்மா வாசிக்க, நான் வரைந்தேன். கை முதலில் கோணியது. சுடர்மதியின் தலை பூசணிக்காய் மாதிரி வந்தது. ஆனால் மருந்து கொடுத்த அவதிக்கு எங்காவது போகவேண்டியிருந்தது, அது கைக்குள் இறங்கிப் பென்சிலால் வெளியே போயிற்று. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்திலும் கோட்டுக்கு அதே சிவப்புப் பென்சில். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு என்னை நானே கேட்பேன்: எத்தனை ரூபாய்? முப்பது. முப்பது. முப்பத்தைந்தா? இல்லை, ஆசை.

கதை அற்புதமாகப் போனது. ஐந்தாவது அத்தியாயத்தில் பனிப்புயலுக்குள் குழாய் வெடிக்கிறது. சுடர்மதி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தனியாக வெளியே இறங்குகிறாள். அந்த இடத்தில் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். பக்கத்தைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார்.

"என்ன நடந்தது?" என்றார் கணக்கு ரீச்சர், கட்டுப்போட்ட கண்ணோடு எழுந்து உட்கார்ந்து. "கயிறு அறுந்திட்டுதோ?"

"அறுபடல" என்றார் அம்மா. "இழுத்துட்டாங்க. எல்லாரும் சேந்து இழுத்து மேல எடுத்துட்டாங்க. வாசிக்கிறேன், இருங்க."

அதற்குப் பிறகு நாவலே வேறு தரத்துக்கு ஏறியது! இதுவரை நான் வாசித்த விண்வெளிக் கதைகளில் யாருக்கும் பசிப்பதில்லை. இதில் சுடர்மதி மேலே வந்ததும் முதலில் தலையைத் துவட்டுகிறாள். "ஈரத்தோட நிக்காதீங்க" என்று கப்பல்காரர்களை அதட்டுகிறாள். எட்டாவது அத்தியாயத்தில் ரொட்டி சுடுகிறாள், மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு. நிலவைச் சுற்றிக்கொண்டு ரொட்டி! எழுத்தாளரின் துணிச்சலை நினைத்து எனக்குப் புல்லரித்தது. கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்குத் தமிழ் அரைகுறைதான், அவரும் வாளியை வைத்துவிட்டு, "கெப்டன்ட மொகத உனே?" என்று தினமும் விசாரிப்பார். கெப்டனுக்கு என்ன ஆச்சு? "ஹொந்தாய், ஹொந்தாய்" என்பார் அம்மா. நன்றாக இருக்கிறாள்.

ரிஸ்னா மறுபடி வந்தபோது படங்களைக் காட்டினேன்.

"இது ஆரு?"

"சுடர்மதிடி. எட்டாவது அத்தியாயம். ரொட்டி சுடுற எடம்."

"எட்டாவதுலயா? சுடர்மதியா?" அவள் நெற்றி சுருங்கியது. "அவ அஞ்சாவதுலயே..."

"ரிஸ்னா" என்றார் அம்மா. முன்பள்ளியில் ஒரு பிள்ளை களிமண்ணை வாய்க்குக் கொண்டுபோகும்போது வருகிற குரல் அது. "தேத்தண்ணி குடிக்கிறியா?"

ரிஸ்னா அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆ... ரொட்டி. அந்த எடமா? அது நல்ல எடம்" என்று சொல்லிவிட்டு முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். பயங்கரமான இருமல். உனக்குத்தான் இப்போது வாட்டு வேண்டும் என்று கேலி செய்தேன்.

இதற்கிடையில் தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டியிருந்தது. அப்பா அதை வெளியில் காசு கட்டிச் சீக்கிரமாக எடுக்க ஏற்பாடு செய்தார். காசு எப்படி என்று கேட்டதற்கு, "ஒனக்கு ஏன் அது? நீ அசையாமப் படு" என்று மட்டும் சொன்னார். காந்தத்தை வைத்து உள்ளே படம் எடுக்கிற குழாய் அது. விண்வெளியில் நூறு வருஷம் உறங்கப் போகிறவர்களை வைக்கிற பெட்டி மாதிரி இருக்குமென்று ஆசையோடு போனேன். உள்ளே கொங்கிரீட் உடைக்கிற சத்தம். ஸ்டீரொய்ட் ஏறிய உடம்பை அசையாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அங்கேதான் தெரிந்தது. மூக்கு அரித்தது. அரித்துக்கொண்டே இருந்தது. சுடர்மதி பனியில் தொங்குவதை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவளையே இழுத்து எடுத்துவிட்டார்களே, என்னை எடுக்க மாட்டார்களா?

மூளையில் வேறு புள்ளி ஒன்றும் இல்லை, நரம்பில்தான் வீக்கம் என்று வந்தது. மூளையில் புள்ளிகள் இருந்திருந்தால் இது திரும்பத் திரும்ப வருகிற பெரிய நோயின் தொடக்கமாக இருக்கலாமாம். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். ஆனால் கண்?

கண்தான் என்னை ஏமாற்றத் தொடங்கியிருந்தது. பார்வையைப் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை தொங்கிய சுவருக்கு நேர் எதிரில்தான் என் கட்டில். நாளெல்லாம் கண்முன்னால் அதே எழுத்துகள். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்தே ஓ.எல்., ஏ.எல். பாஸ் பண்ணிய மூளை இது, சும்மா இருக்குமா? ஒரு காலையில் வலது கண்ணால் மளமளவென்று கீழ்வரிசைவரை சொன்னேன். அந்த வேகமே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"டொக்டர், எனக்கு இது தெரிகிறதா, இல்லை பாடமாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை."

அவர் சிரிக்கவில்லை. வேறு பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் மேல் வரிசைகள்தான் வந்தன. "பார்வை கொஞ்சம் கூடியிருக்கிறது. மிச்சத்துக்கு வாரங்கள் எடுக்கும், மாதமும் ஆகலாம். வீட்டுக்குப் போங்கள், மருந்துக் குளிசையைக் குடியுங்கள், கிளினிக்குக்கு வாருங்கள்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. வீட்டில் எனக்குத் தெரியாதது எது? கலண்டரில் கடைப்பெயர் தெரிந்தது, அது பத்து வருஷமாக அதே கடை. அலுமாரியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வாசித்தேன், ஒட்டியவளே நான். எதைப் பார்த்தாலும் மூளை முந்திக்கொண்டு பதில் சொன்னது. புகை உண்மையிலேயே மெலிந்துவிட்டதா, இல்லை நான் அதற்கு மேல் வீட்டை வரைந்துகொள்கிறேனா? ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். வரைவதை மட்டும் விடவில்லை. காலையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு படம். கண்ணில் தெரிவதை மட்டும், தெரிகிற மாதிரியே. நடுவில் பொட்டு இருந்தால் பொட்டோடு. பழைய படங்களில் சுடர்மதி கோட்டின் சிவப்பு நாற்பது, ஐம்பது என்று ஏறியது. அதையும் நான் நம்பவில்லை. அது சிவப்புப் பென்சில் என்று எனக்குத் தெரியுமே!

ஒரு நாள் அம்மா முன்பள்ளிக்குப் போயிருந்தார். அப்பா கடையில். அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் அந்த நாவல் இருந்தது. ரிஸ்னாவிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடத்தைத் திறந்தேன், ஐந்தாவது அத்தியாயத்தின் முடிவை. கயிற்றைப் பிடித்து எல்லாரும் இழுக்கிற இடம். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். என்ன வரும் என்று தெரிந்ததுதான், மெதுவாகப் போகலாம்.

எழுத்துகள் மங்கிய பென்சிலில் எழுதியது போல இருந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

*கயிறு மட்டும் மேலே வந்தது.*

பிழை. அப்படி இல்லை. கண் பிழையாக வாசிக்கிறது. சரிதான், கண் கெட்டுவிட்டது, இப்போது இல்லாததையெல்லாம் காட்டுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

*சிவப்புக் கோட்டின் மேல் பனி விழுந்தது. சுடர்மதி இறந்துபோனதை முதலில் உணர்ந்தது கப்பலின் கணினிதான்.*

கையை எடுத்தேன். இடது கண்ணாலும் பார்த்தேன். அதே வரி. ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டினேன், ஏழு, எட்டு. சுடர்மதி எங்கேயும் இல்லை. ரொட்டி இல்லை. கட்டச் சம்பல் இல்லை. ஈரத் தலையைத் துவட்டச் சொல்லி அதட்ட அந்தக் கப்பலில் ஒருத்தரும் இல்லை. ரிஸ்னாவின் இருமல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியை வாசிக்க என் அம்மாவால் முடியவில்லை. அதனால் செத்தவளைத் தானே கயிறு போட்டு இழுத்து, புத்தகம் முடியும்வரை சோறு போட்டு வைத்திருந்திருக்கிறார்.

சுடர்மதிக்காக அழுதேன். நன்றாக, மூக்குச் சிந்தி அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று முதுகில் தட்டியது. இந்த வரியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இதற்கு நேர் எதிர். மூளை முந்திக்கொண்டு சொன்ன பதில் தப்பாகிவிட்டது. அப்படியென்றால் சரியாகச் சொன்னது யார்?

அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போது புத்தகம் என் மடியில் திறந்தே கிடந்தது. பார்த்துவிட்டார். கைப்பையை இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"வாசிச்சிட்டியா?"

"அஞ்சாவது அத்தியாயம்."

"அது வந்து புள்ள... அங்க வச்சு எப்பிடிடி நான்..."

"வலது கண்ணால வாசிச்சேன்மா. இடதை மூடிக்கிட்டு."

அம்மா வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"இது ரொம்பச் சின்ன எழுத்தாச்சே."